வேலிக்குள் பிறந்த வெள்ளை மான்கள்

திருகோணமலை நகருக்குப் போய் வந்தவர்களுக்கு அங்குள்ள மான்களைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டை வாசலிலும் கடற்கரையோரத்திலும் புள்ளிமான்கள் ஆடு மாடுகளைப் போலத் திரியும். மனிதரைக் கண்டு ஓடாது. கையில் ஒரு பை இருந்துவிட்டால் கிட்ட வந்து மணந்து பார்க்கும். சென்ற டிசம்பர் விடுமுறையில் வாப்பா எங்களைக் கிண்ணியாவிலிருந்து அங்கே கூட்டிப் போனார். எட்டு வயதான என் தங்கச்சிக்குத் தூரத்துப் பொருட்கள் தெளிவாகத் தெரியாது. மரக்கிளையில் குரங்கு, வானத்தில் பருந்து என்று நாங்கள் காட்டுவதெல்லாம் அவளுக்கு வெறும் பேச்சுத்தான். ஆனால் இந்த மான்கள் ஒரு கை தூரத்துக்கு வந்து நின்றன. அவள் தொப்பியை மேலே தள்ளிவிட்டு, கண்களைச் சுருக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"ராத்தா, இதுக்குள்ள என்னப் போல வெள்ள மான் ஒண்டும் இல்லியா?"

என் தங்கச்சி அல்பினிசத்துடன் பிறந்தவள். அவளுடைய முடி காய்ந்த வைக்கோலின் நிறம். வெயில் பட்டால் தோல் சிவந்துவிடும், கண் கூசும். வகுப்பில் முன் வாங்கில் இருந்தும் கரும்பலகையைப் பார்க்கச் சிரமப்படுவாள். அவள் பிறந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருபவர்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பார்கள். அவளிடம் கேட்பதில்லை, உம்மாவிடம் கேட்பார்கள். "வயித்தில இருக்கக்குள்ள கிரகணத்தில வெளிய போனயா?" போகவில்லை என்று உம்மா சொன்னால், "அப்ப என்னத்தப் பாத்துப் பயந்தாய்?" என்பார்கள். வாப்பாவிடம் இதுவரை ஒருவரும் எதுவும் கேட்டதில்லை.

அன்று தங்கச்சியின் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவள் என்ற பெயர் இருக்கிறதே, அதற்காகவாவது தேடிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். தேடியபோது ஒன்றல்ல, ஒரு மந்தையே கிடைத்தது.

அந்த மந்தை இருப்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், செனிக்கா, கயூகா என்ற இரண்டு நீண்ட ஏரிகளுக்கு நடுவில். இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1941ஆம் ஆண்டு, அமெரிக்க இராணுவம் அங்கே ஒரு பெரிய வெடிமருந்துக் களஞ்சியத்தை அமைத்தது. மண்ணால் மூடிய 500இற்கும் மேற்பட்ட கொங்கிறீற்று அறைகள். அவற்றைச் சுற்றி 10,000 ஏக்கருக்கு மேல் நிலம். அத்தனையையும் வளைத்து உயரமான கம்பி வேலி. வேலி கட்டியவர்கள் குண்டுகளைப் பாதுகாக்கவே கட்டினார்கள். மான்களை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் வேலி மூடியபோது அந்தக் காட்டில் நின்ற வெண்வால் மான்களும் உள்ளே அகப்பட்டுக்கொண்டன. (வாலின் அடிப்பக்கம் மட்டும் வெள்ளையாக இருப்பதால் வந்த பெயர் அது. மற்றப்படி இவை கோடையில் செம்பழுப்பும் குளிர்காலத்தில் சாம்பல் கலந்த பழுப்புமான சாதாரண மான்கள்தான்.) உள்ளே இருந்தவை வெளியே போக முடியவில்லை; வெளியே இருந்தவை உள்ளே வர முடியவில்லை. தலைமுறை தலைமுறையாக அவை தமக்குள்ளேயே இனம் பெருக்கின.

1949ஆம் ஆண்டளவில் அந்த வேலிக்குள் வெள்ளை மான்கள் காணப்பட்டன. பழுப்பு நிறத் தாய்க்குப் பின்னால் பால் போன்ற ஒரு குட்டி நடந்து போவதைக் காவலில் நின்ற ஒரு சிப்பாய் முதன்முதலில் கண்டபோது என்ன நினைத்திருப்பான் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். அவனும் கிரகணத்தைத்தான் நினைத்தானோ என்னவோ.

இந்த இடத்தில் நிறம் என்பது எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மானின் உரோமத்துக்கும் எங்கள் தலைமுடிக்கும் தோலுக்கும் நிறம் கொடுப்பது மெலனின் என்ற நிறப்பொருள். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கருமை அல்லது கபில நிறம் தருவது. மற்றது செம்மஞ்சள் சாயல் தருவது. மானின் ஒரு தனி உரோமத்தை எடுத்துப் பார்த்தால் அது அடியிலிருந்து நுனி வரை ஒரே நிறமாக இராது. இந்த இரண்டும் மாறி மாறி வந்து பட்டி பட்டியாக இருக்கும். தூரத்திலிருந்து பார்க்கும்போது அவை கலந்து காட்டின் சருகு நிறமாகத் தெரிகின்றன. புள்ளிமானின் வெள்ளைப் புள்ளிகள்கூட அழகுக்காக வைத்தவை அல்ல. இலைகளுக்கூடாக விழும் வெயில் பொட்டுகளோடு கலந்து, மானின் உருவத்தை வேட்டை விலங்கின் கண்ணிலிருந்து மறைப்பவை அவை.

மெலனினைத் தயாரிப்பவை தனியான நிறக்கலங்கள். இந்தக் கலங்களின் கதையில்தான் நான் அதிக நேரம் நின்றுவிட்டேன். தாயின் வயிற்றில் முளையம் மிகச் சிறியதாக இருக்கும்போது, நிறக்கலங்களாக மாறப் போகும் கலங்கள் முதுகுப் பக்கத்தில், நரம்புக் குழாய் உருவாகும் இடத்தின் ஓரத்தில் தோன்றுகின்றன. அங்கிருந்து அவை இரண்டு விலாப் பக்கமாகவும் கீழிறங்கி, உடல் முழுவதும் பரவி, தோலில் குடியேறுகின்றன. உண்மையில் அது ஒரு நடைப் பயணம். முதுகிலிருந்து மிகத் தூரமான இடங்கள் வயிறும் பாதங்களும். சில கலங்கள் தாமதித்தால், அல்லது எண்ணிக்கையில் குறைந்தால், கடைசியாக எட்ட வேண்டிய அந்த இடங்களே வெறுமையாக நின்றுவிடும். நிறக்கலம் போய்ச் சேராத தோலில் வெள்ளை உரோமமே முளைக்கும். உங்கள் வீட்டுக் குசினிக்குள் வரும் பூனையைப் பாருங்கள். கறுப்புப் பூனையென்றால் பெரும்பாலும் வெள்ளையாக இருப்பது வயிறும் பாதமும்தானே? முதுகு வெள்ளையாகவும் வயிறு கறுப்பாகவும் உள்ள பூனையை நான் இதுவரை கண்டதில்லை.

மான்களிலும் இப்படித்தான். வெண்வால் மான்களில் சில, பழுப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாகக் கலந்து, ஆட்டுக்குட்டியைப் போலப் பிறக்கின்றன. காட்டில் இவை நூற்றுக்கு ஒன்று இரண்டைத் தாண்டுவதில்லை. இவற்றில் சிலவற்றுக்கு வளைந்த கால்கள், கோணலான முள்ளந்தண்டு, குட்டையான கீழ்த்தாடை என்று வேறு குறைகளும் சேர்ந்து வருவதுண்டு. எல்லாவற்றுக்கும் அல்ல.

செனிக்காவின் மான்கள் திட்டுத் திட்டானவை அல்ல. உடல் முழுவதும் வெள்ளை. அப்படியானால் அவை அல்பினிச மான்களா? நானும் முதலில் அப்படித்தான் நம்பினேன். ஆனால் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அவற்றின் கண்கள் மற்ற மான்களைப் போலவே கருங்கபில நிறமாக இருந்தன. வித்தியாசம் இங்கேதான். அல்பினிசத்தில் நிறக்கலங்கள் தம் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் அவற்றால் மெலனினைத் தயாரிக்க முடிவதில்லை. தைரோசின் என்ற அமினோ அமிலத்தை மெலனினாக மாற்றும் வேலையைத் தொடக்கி வைக்கும் தைரோசினேஸ் என்ற நொதியம் பழுதாகிவிடுவது அதற்கான காரணங்களில் ஒன்று. வேலையாட்கள் வந்துவிட்டார்கள், சாமான் இல்லை என்பது போல. மெலனின் உடலில் எங்குமே இல்லாததால் கண்ணிலும் இல்லை. கண்ணின் பின்புறத்து இரத்தக் குழாய்களின் சிவப்பு அப்படியே தெரிவதால் அல்பினிச மானின் கண் இளஞ்சிவப்பாக இருக்கும்.

செனிக்கா மான்களுக்கு உள்ளது லூசிசம் எனப்படும் வேறொரு நிலை. இங்கே நிறம் இல்லாமற் போனது தோலிலும் உரோமத்திலும் மட்டும். கண்ணின் உட்புறத்து நிறக்கலங்கள் முதுகிலிருந்து நடந்து வருபவை அல்ல, கண் உருவாகும் இடத்திலேயே தோன்றுபவை. ஆகவே தோலுக்கு நேர்ந்தது கண்ணுக்கு நேரவில்லை. இது வெறும் நிறத்தைப் பற்றிய விடயமும் அல்ல. விழித்திரை சரியாக வளரவும், பார்வை நரம்புகள் மூளையில் உரிய பக்கத்துக்குப் போய்ச் சேரவும் வளரும் கண்ணுக்கு மெலனின் தேவைப்படுகிறது. அது இல்லாதபோது பார்வை மங்கலாகவே அமைகிறது. என் தங்கச்சிக்குக் கண்ணாடி போட்டும் முழுப் பார்வை வராததன் காரணம் இதுதான் என்பதை, வைத்தியரிடம் எத்தனையோ தடவை போய் வந்த பிறகும், ஒரு மானைப் பற்றிப் படித்தபோதுதான் நான் விளங்கிக்கொண்டேன்.

கறுப்பு மான்களும் உண்டு. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தின் நடுப்பகுதியில், மெலனின் அளவுக்கு மிஞ்சிய கரிய வெண்வால் மான்கள் வேறெந்த இடத்தையும்விட அதிகமாகக் காணப்படுகின்றன. இங்கிலாந்தின் எப்பிங் காட்டிலும் கரிய டாமா மான்கள் பெயர்பெற்றவை. டாமா என்பது வேறோர் இனம். அரசர்களும் பிரபுக்களும் பல நூற்றாண்டுகளாகத் தோட்டங்களில் வளர்த்து, விரும்பிய நிறங்களைத் தெரிவு செய்த இனம். அதனால் அவற்றில் கறுப்பு, வெள்ளை, வெளிர் புள்ளி எல்லாமே சாதாரணம். வெள்ளை டாமாக் குட்டி பிறக்கும்போது மங்கிய பாலாடை நிறத்தில் இருந்து, வயது போகப் போகத்தான் வெளுக்கும். இவையெல்லாம் தனிக் கதைகள். நான் வேலிக்குத் திரும்புகிறேன்.

ஏன் அந்த வேலிக்குள் மட்டும் இத்தனை? செனிக்கா மான்களின் வெண்மை ஒரு பின்னிடைவான பரம்பரையலகால் வருவது. ஒவ்வொரு பரம்பரையலகிலும் எமக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தாயிடமிருந்து, மற்றது தந்தையிடமிருந்து. பின்னிடைவானது என்றால், இரண்டு பிரதிகளும் அதுவாக இருந்தால்தான் அது வெளியே தெரியும். ஒரு பிரதி மட்டும் இருந்தால் அது வாய் திறக்காமல் இருந்துவிடும். அந்த மான் பழுப்பாகவே பிறந்து, பழுப்பாகவே வாழ்ந்து, தன் குட்டிகளில் பாதிக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போகும். பெற்றோர் இருவருமே அப்படி மறைத்து வைத்திருப்பவர்களாக அமைந்தால், ஒவ்வொரு குட்டியும் வெள்ளையாகப் பிறக்க நாலில் ஒரு வாய்ப்பு.

இதை ஒரு கணக்காகச் செய்து பார்த்தேன். எங்கள் பாடத்தில் வரும் கணக்குத்தான். ஒரு பெரிய காட்டில் 10,000 மான்களுக்கு ஒன்று வெள்ளை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தக் காட்டின் நூறு பிரதிகளில் ஒன்று வெள்ளைக்குரியது. மறைத்து வைத்திருக்கும் பழுப்பு மான்கள் எத்தனை? 198. கண்ணுக்குத் தெரியும் வெள்ளை மான் ஒன்று. அதே பிரதியைச் சுமந்துகொண்டு ஒன்றும் அறியாதது போல மேயும் பழுப்பு மான்கள் கிட்டத்தட்ட இருநூறு! வெள்ளைப் பிரதிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பழுப்பு மான்களிடம்தான் இருக்கின்றன. வெள்ளை மான் தோன்றினால் "பழுது பரவிவிடும், சுட்டுவிடு" என்கிற வேட்டைக்காரர்கள் உண்டு. அந்த ஒன்றைச் சுடுவதால் காட்டில் எதுவும் மாறப் போவதில்லை என்பதை இந்தச் சிறு கணக்கே சொல்லிவிடுகிறது.

பெரிய காட்டில் அந்த 198இல் இரண்டு ஒன்றையொன்று சந்திப்பது அரிது. சந்தித்துக் குட்டி பிறந்தாலும், பச்சைக் காட்டில் வெள்ளை உரோமம் ஒரு விளக்கு ஏற்றி வைத்தது போல. நரிக்கும் தெரியும், துப்பாக்கிக்காரனுக்கும் தெரியும். ஆனால் செனிக்காவில் வேலி இரண்டையும் மாற்றிவிட்டது. உள்ளே அகப்பட்ட மான்கள் சிலவே. அவற்றில் ஒன்றிரண்டிடம் இருந்த பிரதி பேரன் பேத்திகளுக்கெல்லாம் போய், மீண்டும் மீண்டும் தன் ஜோடியைச் சந்தித்தது. ஆபத்தும் வெளியே நின்றுவிட்டது. அதற்கும் மேலாக, 1950களில் அங்கிருந்த கட்டளைத் தளபதி வெள்ளை மான்களைச் சுடக் கூடாது என்று உத்தரவிட்டார். பழுப்பு மான்களை வேட்டையாட அனுமதி இருந்தது, வெள்ளைக்கு இல்லை. எண்ணிக்கை ஏறியது. உச்ச காலத்தில் அங்கிருந்த ஏறத்தாழ 800 மான்களில் 200 அளவு வெள்ளை. உலகிலேயே மிகப் பெரிய வெள்ளை வெண்வால் மான் மந்தை என்று அதைச் சொல்கிறார்கள். அதே கணக்கை இங்கே போட்டால், மிகுதி 600 பழுப்பு மான்களில் சுமார் 400 அந்தப் பிரதியை மறைத்து வைத்திருக்க வேண்டும். ஜோடி சேர்வதில் எந்தத் தெரிவும் இல்லை என்று எடுத்துக்கொண்டால் வரும் விடை இது. ஆகவே துல்லியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திசை சரி.

வெள்ளை மான்களைப் பாதுகாக்கும் சட்டங்கள் வேறு இடங்களிலும் உண்டு. விஸ்கொன்சின் மாநிலத்தில் முழு வெள்ளை மானைச் சுடுவது குற்றம். ஐரோப்பாவில் அது அரச சின்னமாகவே இருந்தது. இங்கிலாந்தின் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் வெள்ளைக் கலைமானைத் தன் அடையாளமாக வைத்திருந்தார். ஓரிடத்தில் சின்னம், ஓரிடத்தில் பழுது, ஓரிடத்தில் பேய். மானுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. அது புல்லைத்தான் தேடுகிறது.

களஞ்சியம் 2000ஆம் ஆண்டு மூடப்பட்டது. காவலும் பராமரிப்பும் குறைய மான்களும் குறைந்தன. 2016இல் அந்த நிலம் தனியாருக்கு விற்கப்பட்டது. சில காலம் மக்கள் வாகனத்தில் போய் அந்த மான்களைப் பார்க்கக் கூடியதாக இருந்து, பிறகு அதுவும் நின்றுபோனது. ஒரு வேலி தற்செயலாகக் கொடுத்த வாழ்வு, அந்த வேலி பழுதடையும்போது என்னவாகும் என்பது அங்குள்ளவர்களின் இன்றைய கவலை.

இவ்வளவையும் வாசித்த பிறகு எனக்குள் ஒரு விடயம் உறுத்திக்கொண்டே இருந்தது. வகுப்பில் டீச்சர் பரம்பரையலகுப் பாடம் நடத்தியபோது, மச்சான் மச்சினி முறையானவர்கள், அதாவது மாமாவின் பிள்ளையும் மாமியின் பிள்ளையும், சராசரியாகப் பரம்பரையலகுகளில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருப்பார்கள் என்று சொன்னார். அப்போது அதை ஒரு பரீட்சை விடையாகவே எழுதிக்கொண்டேன். என் உம்மாவும் வாப்பாவும் அப்படி முறையானவர்கள். அந்தக் கலியாணத்தைப் பேசி முடித்தவர் எங்கள் உம்மம்மா. கிரகணக் கதையை அதிகம் சொல்பவரும் அவர்தான். முறைக்குள் முடித்தவர்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் எந்தக் குறையும் இல்லாமல் பிறக்கிறார்கள், என்னைப் போல. முறை இல்லாதவர்களுக்கும் அல்பினிசப் பிள்ளை பிறக்கிறது. வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். ஆனால் உம்மம்மாவுக்கு முன்னால் இதை எப்படிச் சொல்வது? ஒருவர் மேலிருந்த பழியை எடுத்து இன்னொருவர் மேல் வைப்பதற்காக நான் இதைப் படிக்கவில்லை.

ஆகவே உம்மாவிடம் மட்டும் சொன்னேன். இரவு சாப்பாடு முடிந்து, குசினி மேசையில் கொப்பியை விரித்து, நாலு கட்டம் கீறினேன். மேலே உம்மாவின் இரண்டு பிரதிகள், பக்கத்தில் வாப்பாவின் இரண்டு பிரதிகள். ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பிக் காட்டினேன். மூன்று கட்டத்தில் சாதாரண நிறம்; ஒரு கட்டத்தில் தங்கச்சி. எந்தக் கிரகணமும் எந்தப் பயமும் இதற்குள் வர வழியில்லை, கருவுற்ற அந்த வேளையிலேயே இது முடிந்துவிடும் என்றேன். உம்மா வெகுநேரம் அந்தக் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் எழுதியிருந்த வாப்பாவின் எழுத்தில் விரலை வைத்தார்.

"அப்ப இதுல அவர்ட பங்கும் இருக்கா?"

"சரி பாதி, உம்மா."

உம்மா ஒன்றும் பேசவில்லை. கொப்பியை மூடித் தராமல், அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துத் தரச் சொன்னார். இப்போது அது அடையாள அட்டையோடு அவருடைய பேர்ஸுக்குள் இருக்கிறது.

தங்கச்சிக்கு நான் கணக்குச் சொல்லவில்லை. கைத்தொலைபேசியில் செனிக்கா மான்களின் படத்தைப் பெரிதாக்கி, அவள் முகத்துக்குக் கிட்டப் பிடித்தேன். பனிக்குள் நான்கு வெள்ளை மான்கள் நின்றன. அவள் மூக்குத் திரையில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"ராத்தா, இதுகளுக்குக் கண் நல்லாத் தெரியுமா?"

தெரியும் என்றேன். கண்ணில் மெலனின் இருப்பதையும், அதனால் அவை மற்ற மான்களைப் போலவே பார்ப்பதையும் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கைத்தொலைபேசியைத் திருப்பித் தந்தாள்.

"அப்ப அது என்னப் போல இல்ல. அது சும்மா வெள்ள."